எழுதி வைக்காத வெற்றி

நாராயணவனத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கல்யாண வெங்கடேஸ்வரரைச் சேவிக்க. பத்மாவதித் தாயாரைப் பெருமாள் கைப்பிடித்த ஊர் என்பது இதன் பெருமை. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபோது சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் இந்த ஊரில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி ஐந்தாறு பேர் தொண்டை வறளச் சண்டை போடுகிறார்கள் என்றால் நம்புவது கஷ்டம். மார்ச் மாதம் வந்துவிட்டால் அவர்களுடைய டீக்கடை பெஞ்சில் வேறு பேச்சே கிடையாது.

பெஞ்சின் தலைவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஊருக்கு அவர் 'மாஸ்டர்'. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அடித்து மாட்டி இந்த விளையாட்டை உண்டாக்கியதும் அதே கல்வி நிலையத்தில்தான். "கூடைப்பந்து அமெரிக்காவுல பொறந்துச்சுன்னு சொல்லாதே. காலேஜ்ல பொறந்துச்சுன்னு சொல்லு" என்பார் மாஸ்டர்.

மற்றவர்கள் இளைஞர்கள். இன்ஜினீயரிங் படிக்கும் நெசவாளர் மகன், மெடிக்கல் ஷாப் பையன், ஆட்டோ ஓட்டுகிறவர். அமெரிக்காவில் இரவு ஆட்டம் முடியும்போது இங்கே காலை டீ. வசதியான நேரம்தான்.

அவர்களுக்குப் பிடித்தது கவிழ்ப்புகள். என்.சி.ஏ.ஏ. போட்டியில் 68 அணிகள். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை எண். முதல் எண் அணி பதினாறாம் எண் அணியோடு மோதும். ஆண்கள் போட்டியில் இப்படி 135 முறை மோதி, 135 முறையும் முதல் எண் அணியே ஜெயித்திருந்தது. 2018-ல் வர்ஜீனியாவை எதிர்த்து யு.எம்.பி.சி. என்ற பெயரே தெரியாத அணி இறங்கியது. பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் 74-54. இந்திய நேரப்படி அன்று சனிக்கிழமை காலை. நெசவாளர் மகன் வாங்கிய டீயைக் குடிக்கவே மறந்துவிட்டானாம். அதே வர்ஜீனியா மறு வருடமே சாம்பியன் ஆனது மாஸ்டருக்குப் பிடித்த பின்கதை.

பெரிய சண்டை 2023-ல் வந்தது. ஃபேர்லி டிக்கின்சன் அணி பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. பர்டியூவின் ஜாக் ஈடி ஏழடி நாலங்குலம். ஜெயித்ததோ முதல் பிரிவுக் கல்லூரிகளிலேயே குள்ளமான அணி. ஆனால் அந்த அணி தன் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மெரிமாக்கிடம் 67-66 என்று தோற்றிருந்தது. இரண்டாம் பிரிவிலிருந்து புதிதாக மேலே வந்த கல்லூரி நாலு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எனவே ஜெயித்த மெரிமாக் வீட்டில் இருக்க, தோற்றவர்கள் போய்ச் சரித்திரம் படைத்தார்கள்.

"இது அநியாயம் சார். ஜெயிச்சவன் எங்கே போவான்?" என்று ஆட்டோக்காரர் கொதித்தார்.

"விதின்னு ஒண்ணு எழுதியிருக்கு. அதனாலதான் உனக்கு அநியாயம்னு தெரியுது" என்றார் மாஸ்டர்.

பணத்தைப் பற்றியும் பேச்சு வரும். 2021-லிருந்து அமெரிக்க மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். "அப்போ காலேஜ் டீமுக்கும் கம்பெனி டீமுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மெடிக்கல் ஷாப் பையன் கேட்டதற்கு இதுவரை ஒருமித்த பதில் இல்லை.

இந்தப் பேச்சுகளை இரண்டு வருடமாக ஓரமாக நின்று கேட்டவள் நெசவாளர் மகனின் தங்கை. தூக்கில் டீ வாங்க வருவாள். கல்லூரி அணியில் விளையாடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி விளையாடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் 2018-ஐப் பற்றி அண்ணன் அளந்துகொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள். "பொண்ணுங்க அதை 1998-லயே செஞ்சுட்டாங்க அண்ணா. ஹார்வர்ட் 71, ஸ்டான்ஃபோர்ட் 67. அதுவும் பதினாறுக்கும் ஒண்ணுக்கும்தான்."

பெஞ்ச் அமைதியானது. பிறகு அவளே தொடர்ந்தாள். 2021-ல் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு ஒரு சின்ன அடுக்கு எடைக்கட்டைகளும் தந்ததை, ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் வீடியோ எடுத்துப் போட்டு ஊரையே கேட்க வைத்ததைச் சொன்னாள். 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சுமார் 1.87 கோடிப் பேர் பார்த்ததை, ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடியே சேர்ந்ததைச் சொன்னாள்.

"நீ ஆடினதைச் சொல்லும்மா" என்றார் மாஸ்டர்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. முதலில் மண்டல அளவில் ஆடித் தேற வேண்டும். வழக்கமாகத் தங்களைச் சுலபமாகத் தோற்கடிக்கும் ஓர் அணியை அவளுடைய அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் தோற்றது. பேப்பரில் ஒரு வரி வரவில்லை. மண்டலத்தைத் தாண்டாததால் இடம் இல்லை. இடம் குறித்த சான்றிதழும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட்டால் சான்றிதழ்தான் பேசும், ஒரு புள்ளி பேசாது. அந்த வெற்றிக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி, ஸ்கோர் ஷீட்டை அவள் போனில் எடுத்த படம்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இளைஞர்களைப் பார்த்துச் சொன்னார்: "அங்கே யாரு ஒண்ணு, யாரு பதினாறுன்னு எழுதி வைக்கிறான். அதனாலதான் பதினாறு ஜெயிச்சா உலகமே அதிருது. இங்கே எழுதி வைக்கலை. யாரு ஜெயிச்சாலும் யாருக்கு ஆச்சரியம்?"

போன் கைமாறியது. மங்கலான படம்தான், ஆனால் கடைசி நிமிடத்து ஃபவுல்கள் வரிசையாகத் தெரிந்தன. "இந்த நாலாவது ஃபவுல் யாரு மேலே?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். தன் மீது என்றாள். எதிரணிக்காரி மோதியதாக அவள் வாதாட, அண்ணன் நடுவர் பக்கம் சேர்ந்தான். மெடிக்கல் ஷாப் பையன் இரண்டு டீ கிளாஸ்களை வைத்து யார் எங்கே நின்றார்கள் என்று காட்டச் சொன்னான். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு கிளாஸ்களை நகர்த்தினாள்.

வீட்டுக்குப் போக வேண்டிய டீ ஆறிக்கொண்டிருந்தது. "இரு, இரு, முதல்லேர்ந்து சொல்லு" என்று மாஸ்டர் கடைக்காரரிடம் கணக்கு நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கினார்.