தந்தை வீட்டில் இரண்டு ரக்அத்



அயல்நாட்டில் வாழும் நம்மவர்களிடம், "ஊருக்கு எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இன்ஷா அல்லாஹ், இன்னும் சில ஆண்டுகளில்." அந்த விடையில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று உறவினர் எவரும் துருவிக் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் மார்க்கச் சட்டம் கேட்கிறது. அதுவும் ஒரு நாளைக்கு மூன்று முறை, லுஹரிலும் அஸரிலும் இஷாவிலும் கேட்கிறது.

பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுவதே கஸ்ர். ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. நம் மதுரை, தேனிப் பகுதி இராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், ஏறத்தாழ 77 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் புறப்பட்டவர் முஸாஃபிர் ஆகிறார். சென்ற இடத்தில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் வைத்தால் அவர் அங்கே முகீம். முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இந்தக் கணக்கு வேறு.

இத்துடன் ஹனஃபி நூல்கள் வதன் என்னும் சொல்லையும் இரண்டாகப் பிரிக்கின்றன. நிலையான இருப்பிடம் வதனுல் அஸ்லீ. பதினைந்து நாள் நிய்யத்தால் உண்டாகும் தற்காலிக இருப்பிடம் வதனுல் இகாமா. ஒருவர் பிறந்த ஊரைவிட்டு நிரந்தரமாக நீங்கி, குடும்பத்துடன் வேறோர் ஊரை நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டால், பழைய ஊர் அவருக்கு வதனுல் அஸ்லீ என்னும் தகுதியை இழந்துவிடும். பிறகு அவ்வூருக்குச் சில நாட்களுக்கு வந்தால் அவர் அங்கும் முஸாஃபிர்தான்.

படிக்கும்போது இது எளிய பாடமாகவே தோன்றியது. எங்கள் வாழ்வில் அது வந்து நின்றபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

என் கணவர் கப்பலூரைச் சேர்ந்தவர். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே, தியாகராஜர் மில்லும் சிட்கோ தொழிற்பேட்டையும் நான்குவழிச் சாலையின் சுங்கச்சாவடியும் கொண்ட ஊர் அது. என் மாமனார் அந்தத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தியவர். மகனுக்கு இயந்திரங்களின் மீது பற்று வந்தது அங்கேதான். அந்தப் பற்றே அவரை 2016ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குக் கொண்டு சென்றது. நானும் கைக்குழந்தையாக இருந்த மகளும் உடன் சென்றோம். "மூன்று ஆண்டுகள், அதன்பின் ஊர்" என்பதே அன்றைய பேச்சு.

சென்ற சில வாரங்களில் ரமளான் வந்தது. அவ்வாண்டு நோன்பு ஜூன் முதல் வாரத்தில் தொடங்கியது. மதுரையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஸ்டுட்கார்ட்டில் ஜூன் மாதச் சூரியன் இரவு ஒன்பதரை மணி அளவில் மறையும். நோன்பு பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டியது. டிசம்பரிலோ மாலை நான்கரைக்கே மஃரிப். லுஹரும் அஸரும் அலுவலக நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். ஊரில் மேற்கே திரும்பித் தொழுதவர்கள் அங்கே தென்கிழக்கே திரும்பினோம். காலத்தையும் திசையையும் புதிதாகக் கற்றுக்கொண்ட ஆண்டு அது. அல்ஹம்துலில்லாஹ், கற்றுக்கொண்டோம்.

எங்களுக்குத் துணையாக இருந்தவர்கள் துருக்கியர்கள். 1961ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஜெர்மானியர் அவர்களுக்கு இட்ட பெயர் "காஸ்ட்அர்பைட்டர்". விருந்தினராக வந்த தொழிலாளி என்று பொருள். அவர்களும் ஓரிரு ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்பும் எண்ணத்துடனேயே வந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் கனவு காண்கிறார்கள். முதல் தலைமுறையினர் பலரின் ஜனாஸா மட்டும் விமானத்தில் ஏறித் துருக்கி மண்ணுக்குத் திரும்பியது. பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் எனக்குத் தேநீர் ஊற்றித் தரும் ஒரு மூதாட்டி சொல்வார்: "நாங்கள் பெட்டியைப் பிரிக்காமலேயே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தோம், மகளே." நான் அப்போது புன்னகைத்துக் கேட்டுக்கொண்டேன்.

விடுமுறைகளில் பயணம் செய்தோம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து காரில் செல்லும் தொலைவில் ஷ்வெட்ஸிங்கன் என்னும் ஊரின் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. குவிமாடமும் மினாராக்களும் அரபு எழுத்துகளும் உண்டு. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அரசர் தம் தோட்டத்துக்கு அழகு சேர்க்கக் கட்டிய கட்டடம் அது, தொழுவதற்காகக் கட்டப்பட்டதன்று. ஸரயேவோவில் 16ஆம் நூற்றாண்டின் காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசலில் தொழுதோம். ஐரோப்பிய மண்ணின் மக்களே தலைமுறை தலைமுறையாக நிரப்பி வரும் ஸஃப்புகள் அவை. ஹனஃபி மத்ஹபில் பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ இல்லை என்பதால், நெடுஞ்சாலை ஓரப் புல்வெளிகளிலும் இரயில் நிலையங்களின் ஒதுக்குப்புறங்களிலும் இரண்டிரண்டு ரக்அத்களாகத் தொழுதுகொண்டே சென்றோம்.

என் மனத்தில் ஆழப் பதிந்தது குர்துபா. அங்குள்ள பெரும் பள்ளிவாசலின் கட்டுமானத்தை 785ஆம் ஆண்டளவில் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். அப்பாஸியர் தம் குலத்தாரைக் கொன்றொழித்தபோது ஷாம் நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்த இளைஞர் அவர். ஸ்பெயினின் ஆட்சியாளரான பின்பும், பாட்டனார் ஹிஷாமின் நினைவாக, குர்துபாவுக்கு வெளியே அமைத்த மாளிகைத் தோட்டத்துக்கு ஷாமிலிருந்த ருஸாஃபாவின் பெயரையே இட்டார். அங்கு நின்ற ஒற்றைப் பேரீச்ச மரத்தைப் பார்த்து, நீயும் என்னைப் போல் அந்நியன் எனும் பொருளில் அவர் கவிதை பாடியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆயினும் அவர் திரும்பவில்லை. தங்கினார், கட்டினார். 1236இல் அந்நகரம் கைமாறிய பின் அப்பள்ளி தேவாலயமானது. இன்று அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. அந்தத் தூண்களுக்கு இடையே நின்று என் கணவர் மெல்லச் சொன்னார்: "தங்குவது என்றால் இவ்வளவு தூரம் தங்க வேண்டும்." மூன்று ஆண்டுப் பேச்சு எட்டாவது ஆண்டை எட்டியிருந்த நேரம் அது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியின் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டாண்டுக் காத்திருப்பு ஐந்தாண்டாகக் குறைந்தது. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. ஆனால் நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் கடவுச்சீட்டை எடுப்பவர் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தாக வேண்டும். விண்ணப்பப் படிவம் எங்கள் மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது. இருவரும் அதைப் பார்ப்போம், பேச மாட்டோம்.

அந்த ஆண்டின் இறுதியில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மகளின் பள்ளிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டோம். ஊரில் தங்கக் கிடைத்தவை பன்னிரண்டு நாட்கள். பதினைந்துக்கு மூன்று குறைவு.

வந்த மறுநாள் என் கணவர் மதுரையில் ஒரு ஹழ்ரத்திடம் விளக்கம் கேட்டார். அவர் சட்டம் எதையும் சொல்லுமுன் ஒன்றைத்தான் கேட்டார்: "தம்பி, திரும்பி வந்து இங்கே வாழும் எண்ணம் உறுதியாக இருக்கிறதா? அல்லது அங்கேயே நிலைத்துவிட்டீர்களா?" என் கணவரால் "வருவேன்" என்று சொல்ல நா எழவில்லை. அல்லாஹ்வின் தொழுகையைப் பற்றிய கேள்விக்கு, உறவினர்களிடம் சொல்லும் விடையைச் சொல்ல முடியாதல்லவா? நெடுநேர மௌனத்துக்குப் பின் ஹழ்ரத் கனிவாகச் சொன்னார்: "அப்படியானால் தனியாகத் தொழும்போது இரண்டாகத் தொழுங்கள். முகீமான இமாமின் பின்னால் நின்றால் நான்கு."

அன்று அஸர் நேரம். மருத்துவர்கள் மாமாவை வெளியே செல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் மகனைப் பார்த்து, "நீ முன்னால் நில்லுப்பா" என்றார். முஸாஃபிர் இமாமாக நிற்கும்போது, பின்னால் இருப்பவர்களுக்கு அதை அறிவித்துவிட வேண்டும். தாம் பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்தில் நின்று என் கணவர் தம் தந்தையிடம் சொன்னார்: "அத்தா, நான் முஸாஃபிர். நான் ஸலாம் கொடுத்த பிறகு நீங்கள் எழுந்து முழுமையாக்கிக்கொள்ளுங்கள்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ரக்அத் முடிந்து நாங்கள் இருவரும் ஸலாம் கொடுத்தோம். மாமாவும் மாமியும் மெல்ல எழுந்து, மீதி இரண்டு ரக்அத்களைத் தனியே தொழுதார்கள். அந்தச் சில நிமிடங்கள் என் கணவர் தலை நிமிரவில்லை.

இரவு அவர் என்னிடம், "சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன்" என்றார். நான் சொன்னேன்: "நான் இதைத் திருமணமான மூன்றாம் மாதமே தொழுதுவிட்டேன்." என் ஊர் உத்தமபாளையம். கப்பலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். மணமாகிக் கணவர் வீடு என் நிலையான இருப்பிடமான பின், ஒரு வாரத்துக்கென்று தாய்வீடு சென்றபோது இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தேன். என் அம்மா பார்த்துவிட்டு, "இனி நீ கப்பலூர்க்காரி" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார். நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் இதைக் கடந்தே வந்திருக்கிறோம். பிறந்த வீட்டின் மீதுள்ள அன்பு அதனால் ஒரு துளியும் குறைவதில்லை. எங்கே வாழ்கிறோம் என்ற உண்மையைத் தொழுகை நமக்குச் சொல்லிவிடுகிறது.

அன்றிரவு நாங்கள் இருவரும் நினைவுகூர்ந்தது நபி (ஸல்) அவர்களின் மக்கா வெற்றியை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு அவர்கள் மக்காவுக்குள் வந்தார்கள். பிறந்த ஊர், உலகில் அவர்களுக்கு மிக உவப்பான ஊர். எதிர்ப்பவர் எவரும் இல்லை. விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆயினும் அங்கே இருந்த நாட்களில் கஸ்ர் செய்தே தொழுதார்கள். தாங்கள் பயணிகள் என்றும், மக்காவாசிகள் தங்கள் தொழுகையை முழுமையாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவித்ததாக ஹதீஸில் வருகிறது. உமர் (ரலி) அவர்களும் பின்னாளில் மக்காவில் அவ்வாறே செய்தார்கள். மதீனாவைத் தம் ஊராக ஏற்ற பின், அந்த ஏற்பை அவர்கள் பாதியில் விடவில்லை. பிறந்த மண்ணில் இரண்டு ரக்அத் தொழுவது அன்பின்மை என்றால், அதை அவர்கள் செய்திருப்பார்களா?

மறுநாள் லுஹருக்கு என் கணவர் பின்னால் வந்து நின்றுகொண்டார். "அத்தா, நீங்கள் இமாமாக நில்லுங்கள்" என்றார். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக முன்னே சென்றார். முகீமுக்குப் பின்னால் நிற்கும் முஸாஃபிருக்கு நான்கு ரக்அத். அந்த வீட்டில் மீதி நாட்கள் முழுவதும் நாங்கள் அவர் பின்னாலேயே தொழுதோம்.

ஸ்டுட்கார்ட் திரும்பியதும் முதன்முறையாக இருவரும் அமர்ந்து பேசினோம். மகளின் படிப்பு, வேலை, பெற்றோரின் முதுமை எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். அங்கே நிலைத்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொண்டோம். குடியுரிமை விண்ணப்பத்தை மட்டும், பெற்றோர் உள்ளவரை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதோடு இன்னொன்று. இதுவரை ஆண்டு விடுப்பின் ஒரு பகுதி ஊருக்கும் மறு பகுதி பயணங்களுக்குமாகச் செலவாயிற்று. இனி அப்படியில்லை. ஆறு வாரக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் கப்பலூருக்கு. 2025இல் அவ்வாறே சென்றோம். பதினைந்து நாட்களுக்கு மேற்பட்ட நிய்யத் என்பதால் முதல் நாளிலிருந்தே நான்கு ரக்அத். இஸ்தான்புல் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது காத்திருக்கட்டும், மாமா காத்திருக்க மாட்டார்.

இது ஃபத்வா அன்று, சகோதர சகோதரிகளே. ஒவ்வொருவரின் நிலையும் வேறு; உங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவரிடம் செல்லுமுன், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் எண்ணம் என்ன? தங்குவது என்றால் அங்கே வேர்விட்டு, அந்த மண்ணுக்கும் நன்மை செய்து தங்குவோம். திரும்புவது என்றால் ஆண்டைக் குறித்து வைப்போம். இரண்டுமின்றிப் பிரிக்காத பெட்டியுடன் நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட வேண்டாம்.

மதுரை காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் ஓமானிலிருந்து வந்த காஜி சையது தாஜுத்தீன் அவர்கள் நிறுவியது அது என்பது மரபு. கடல் கடந்து வந்தவர் இம்மண்ணைத் தம் ஊராக ஏற்றார். அதனால் நமக்கு ஒரு பள்ளிவாசல் கிடைத்தது.

எங்கிருந்தாலும் நம் நிய்யத்தை அறிந்தவன் அவனே. பெற்றோரை மறவாத பயணிகளாகவும், தங்கும் மண்ணுக்குப் பயன் தரும் முகீம்களாகவும் நம் எல்லோரையும் அவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.