வரையும்போது கேட்பவை

வரைந்துகொண்டிருக்கையில் எதையேனும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பழைய வழக்கம். பாட்டு ஒத்துவராது, கோடு மெட்டின் பின்னால் ஓடிவிடும். செய்தி அதைவிட மோசம். பத்திரிகையில் ஆயுளைக் கழித்தவன் நான். செய்தி காதில் விழுந்தால் தலைப்பு வைக்கத் தொடங்கிவிடுவேன். ஆகவே சில காலமாக அனிமேஷன் கலைஞர்களின் பொட்காஸ்ட் உரையாடல்கள்தாம் துணை.

படத்தைப் பற்றிய பேச்சைப் படமில்லாமல் கேட்பதா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். வசதியே அதில்தான் இருக்கிறது. காணொளி கண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். குரல் கண்ணைத் தாளிலேயே விட்டுவைக்கும்.

டிஸ்னி கலைஞர் கிளே கைட்டிஸ் 2005இல் தொடங்கிய 'தி அனிமேஷன் பொட்காஸ்ட்' இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. 'லயன் கிங்' (1994) படத்தின் ஸ்கார் என்ற சிங்கத்தை அசையவைத்த அண்ட்ரியாஸ் டேஜா, 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) படத்தின் மிருகத்துக்கு உயிர் கொடுத்த கிளென் கீன் போன்றோர் அதில் ஆறஅமரப் பேசியிருக்கிறார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு சித்திரத்தை இரு சட்டகங்களுக்கு வைத்தால் 12 சித்திரங்கள் போதும். அந்தப் பன்னிரண்டுக்குள் உடலின் எடை தெரிந்தாக வேண்டும் என்பது அத்தொழிலின் பாலபாடம்.

கொத்மலையில் இருப்பவனுக்கு எடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. காலையில் வெறுங்கூடையுடன் மலைக்கு ஏறும் பெண்ணின் நடை வேறு. கூடை நிறைந்ததும் தலைக்கயிறு இழுக்க, கழுத்து முன்தள்ளி, முழங்கால் மடிந்து, மடுவத்துக்கு அவள் இறங்கும் நடை வேறு. நிறுத்துக் கொட்டிய பின் முதுகு உடனே நிமிர்வதில்லை. கூடைக்குப் பதில் சாக்கு வந்துவிட்ட தோட்டங்களிலும் இதே கதைதான். சுற்றுலாச் சுவரொட்டிகளில் சிரிக்கிறாளே ஒருத்தி, அவள் கூடையில் மட்டும் எடையே கிடையாது!

காதால் உலகைப் பார்ப்பது இவ்வூருக்குப் புதிதல்ல. 1989இல் தொடங்கப்பட்ட கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் ஒரு காரியம் செய்தது. கணினியைக் கண்டிராத நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, படித்து, ஊர்மொழியில் விளக்குவார். இணையம் இங்கே பலருக்குத் திரையாக வருமுன் குரலாக வந்தது. அந்த ஊர்மொழி பெரும்பாலும் சிங்களம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்ட்டூனும் அப்படியே வந்தது. ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களக் குரல் கொடுக்கவைத்த 'தொஸ்தர ஹொந்தஹித்த'வைப் பார்த்துச் சிங்களம் பழகிய லயத்துப் பிள்ளைகளை நான் அறிவேன். இந்தப் பொட்காஸ்ட்டுகளோ ஆங்கிலம். யாராவது கேட்டுத் தமிழில் சொன்னாலன்றி அவை லயத்துக்குள் நுழையப்போவதில்லை.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி நன்றாக வரைவாள். கேட்டதை அவளுக்கு அவ்வப்போது சொல்கிறேன். இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் படங்களுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். 'இடைச்சித்திரம்' என்றேன். பழைய அப்பியாசக் கொப்பியின் மூலையில், அவளுடைய அம்மா கூடையை இறக்குவதைப் பன்னிரண்டு சித்திரங்களாக வரைந்திருக்கிறாள். தாள்களை விரலால் படபடவென்று ஓட்டிக் காட்டினாள். ஏழாவதிலேயே முதுகு நிமிர்ந்துவிட்டதாம். "அம்மாவுக்கு இவ்வளவு சீக்கிரம் நிமிராது தாத்தா" என்று அழித்துக்கொண்டிருக்கிறாள்.