என் சமூக ஊடகப் பக்கத்தில் நோயாளி வீடியோ வராது

செஞ்சியில் மருத்துவமனை நடத்தும் என்னிடம் இளைஞர்கள் சொல்கிறார்கள்: "ஆபரேஷன் முடிஞ்சவங்க வீடியோ போடுங்க டாக்டர், பேர் பரவும்." போடமாட்டேன். சின்ன ஊர். முகத்தை மறைத்தாலும் குரலை வைத்தே மேல்மலையனூர் வரை ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நோயாளியின் படம், ஸ்கேன் பதிவிடுவதையும் காசு கொடுத்து லைக் வாங்குவதையும் தடுக்கும் விதிகளை 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது; அந்த மாதமே நிறுத்திவைத்தது. எனக்கு அவை இன்றும் விதிகள்தான்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவர் பெயர் அங்கே செய்த வேலையால் பரவியது, வீடியோவால் அல்ல.

என் பக்கத்தில் இதுபோன்றவைதான் வரும்: நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தயவுசெய்து இதைப் பகிருங்கள்.