ஒரு புள்ளி வித்தியாசம்

கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிக்கும் நம் பையன்கள், தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று கால்பந்து ஐ லீக்கை ஜயித்த கதையை அறியார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அறுவடை முடிந்து அரிதாள் காய்ந்த தாராசுரத்து வயல்களில், பங்குனி வெயிலையும் பொருட்படுத்தாமல் பந்து உதைப்பவர்கள் அவர்களேயாவர். ஆகவே உபாத்தியாயராகிய நாம் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு அக்கதையைச் சொன்னோம்.

கழகத்தின் பெயர் சென்னை சிட்டி. பெயர்தான் சென்னை, சொந்த மைதானமோ கோயமுத்தூர்! 2017-18-ஆம் பருவத்தில் பத்துக் கழகங்களுள் எட்டாவதாக நின்ற கழகம் அது. அடுத்த பருவத்தில், சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில், முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என்று முறியடித்தது. ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்ஸி அன்று மூன்று கோல் போட்டார். பருவ முடிவில் அவர் கணக்கு 21.

கோப்பைப் போட்டியில் ஒரு மாலை அதிர்ஷ்டம் கைகொடுத்தால் கரையேறிவிடலாம். லீக் அப்படியன்று. இருபது ஆட்டங்கள், வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. நாற்றங்கால் முதல் களத்துமேடு வரையில் கண் அயராத குடியானவனுக்கே நெல் வீடு வந்து சேரும் அல்லவா?

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோயமுத்தூரில் எதிர்நின்றதோ முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாப். ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பின் பெனால்டி உதையில் மான்ஸி சமன் செய்தார். அதே வேளையில் கோழிக்கோட்டில் ஆடிய ஈஸ்ட் பெங்கால், பின்தங்கியிருந்தும் எழுந்து 2-1 என்று கோகுலத்தை வென்றது. கோயமுத்தூர் ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். கௌரவ் போரா என்னும் அஸ்ஸாம் இளைஞர், தற்காப்பு ஆட்டக்காரர், இரண்டு கோல் போட்டு அதைத் தடுத்தார். 3-1. ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம்! ஐ லீக்கை ஜயித்த முதல் தமிழ்நாட்டுக் கழகம் இதுவே.

"அந்நியர் போட்ட கோல் நம் ஜயமாகுமா, ஸார்?" என்றான் ஒரு மாணவன். சுதேசிக் கேள்விதான். நம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்ட சிற்பத்தை அவனுக்கு நினைவூட்டினோம். அந்தத் தலையை இன்னதன் தலை என்று யார் பிரிக்க முடியும்? மான்ஸி, போரா, நம் எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் எல்லோருமாகச் சேர்த்த 43 புள்ளிகளும் அத்தகையவையே.

மற்றொருவன் கேட்டான்: "அந்தக் குழு இப்பொழுது எங்கே ஆடுகிறது, ஸார்?"

2020-21-ஆம் பருவத்தோடு அது ஐ லீக்கை விட்டுப் போயிற்று என்றோம். வகுப்பு மௌனமாயிற்று. பட்டம் பெற்ற அன்று கைதட்ட ஊரெல்லாம் உண்டு. மறு வருஷம் நுழைவுச் சீட்டு வாங்கி மைதானத்தில் உட்கார எத்தனை குடும்பங்கள் உண்டு? நேயர்களே, பக்கத்து ஊரில் பையன்கள் பந்தாடினால், ஒரு மாலை குழந்தைகளுடன் போய்ப் பாருங்கள்.