தோணி யாருடையது? – மார்கழி வாசிப்பும் தை மாதத் திட்டமும்

வாடைக் காற்று வலுத்ததும் எமது கரையில் தோணிகள் மணலுக்கு ஏறிவிடுகின்றன. இலங்கைத்துறை முகத்துவாரத்திலே களப்பு நீர் கடலோடு மல்லுக்கு நிற்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடலுக்குப் போகிறவர் தொகை குறைவு. கிழிந்த வலையைச் சரிசெய்வோர் அதைச் செய்வர். புத்தகம் கைக்கு எட்டியவர் படிப்பர். திருகோணமலை மாவட்டத்தின் இந்தத் தென்கிழக்கு மூலையில் ஆசிரியரும் மாணவருமாகச் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். படித்ததைப் பேசுவதும், அடுத்து எதைப் படிப்பது என்று முடிவு செய்வதுமே கூட்டத்தின் வேலை. மார்கழியில் படித்தவற்றை இங்கு எழுத முற்படுவது நூல் மதிப்புரை செய்வதற்காக அன்று. நாம் திட்டமிடாமலே அந்நூல்களிற் பல ஒரே கேள்வியைச் சுற்றி வந்து நின்றன என்பதுதான் காரணம். தோணி யாருடையது என்பதே அக்கேள்வி.

முதலில் மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’. 1925இல் பிறந்து 2001இல் மறைந்த இவ்வாசிரியர் எமது மாவட்டத்து மண்ணையும் மணலையும் விட்டு அதிகம் விலகாமல் எழுதியவர். பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். ‘தோணி’ என்ற பெயரில் 1962இல் வெளிவந்த சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. தலைப்புக் கதை சில பக்கங்களே கொண்டது. சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவ இளைஞன் ஒருவனின் கதை. அந்த ஏக்கமே கதையின் உயிர். பேராசை என்று அதைச் சொல்ல எவருக்கு மனம் வரும்? நிலமற்ற உழவன் கையகல நிலம் கேட்பது போலத்தான் அவனும் கேட்கிறான். உழைப்பவனுக்கும் உழைப்புக் கருவிக்கும் இடையே நிற்கும் சுவரை, கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல், இக்கதை காட்டிவிடுகிறது. எமது நாட்டில் எழுதப்பட்ட சிறந்த சிறுகதைகளுள் இது ஒன்று என்பது எமது துணிபு. ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தும் மாணவருக்கு விளக்க இயலாதிருந்த ‘உற்பத்திச் சாதனம்’ என்ற தொடர் அன்று அரைமணி நேரத்தில் விளங்கிற்று.

அடுத்ததாக எடுத்துக்கொண்டது எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 1952ஆம் ஆண்டு நூல், ச. து. சு. யோகியாரின் தமிழில் ‘கடலும் கிழவனும்’. எண்பத்து நான்கு நாட்கள் மீனே படாத கியூபக் கிழவன் சாந்தியாகோ, பெருமீனைப் பிடித்து, அதைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்து, முள்ளெலும்போடு கரை சேர்கிறான். மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க இயலாது என்னும் பொருளில் இந்நூலைப் புகழாத பேராசிரியர் இல்லை. எமது கூட்டத்திலும் அப்புகழுரை நடந்துகொண்டிருந்தபோது, க. பொ. த. சாதாரண தரத்திற்குப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கிழவனுக்குப் படகு சொந்தமா?” என்று கேட்டான். சொந்தம்தான். பாய் மாவுச் சாக்குத் துண்டுகளால் ஒட்டுப் போடப்பட்டதாயினும் படகு அவனுடையது. “அப்படியென்றால் அவன் தோற்றது மீனிடம் மட்டும்தான்” என்றான் மாணவன். பிறகு, பெற்றோர் சொல்லுக்காக வேறு படகுக்குப் போகும் சிறுவன் மனோலினைப் பற்றித்தான் அவன் நெடுநேரம் பேசினான். கிழவனின் பெருமிதத்தை விட அச்சிறுவனின் நிலையே அவனுக்கு நெருக்கமாயிருந்தது. உலகமெல்லாம் கொண்டாடும் நூலை ஒரு கரையோரப் பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் வைத்து அளந்து பார்க்கிறான். அந்த அளவைக்கும் நூல் தாங்கி நிற்கிறது. ஹெமிங்வேக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமோ?

மூன்றாவதே இம்மாதத்தின் பெரு நூல்: தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’. 1956இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமியின் கைவண்ணத்தில் தமிழானது. கருத்தம்மா – பரீக்குட்டி காதல் கதையென்றே பலர் இதை அறிவர். 1965இல் வந்த திரைப்படம் அவ்வெண்ணத்தை இன்னும் அழுத்திவிட்டது. ஆனால் நாவலைத் திறந்ததும் முதலில் எதிர்ப்படுவது காதல் மட்டுமன்று. செம்பன்குஞ்சுவின் வள்ளமும் வலையும் அங்கே நிற்கின்றன. பிறர் வள்ளத்தில் உழைத்த செம்பன்குஞ்சு தனக்கென ஒரு வள்ளம் வாங்கத் துடிக்கிறான். முதல் எங்கே? சிறு வியாபாரியான பரீக்குட்டியின் கையில். பணம் வந்தது, வள்ளம் வந்தது, கடன் மட்டும் திரும்பவில்லை. கொடுத்தவன் கொட்டகையோடு நொடித்துப் போனான். துறையில் அரயனின் இசைவின்றி வள்ளம் வாங்க முடியாது என்பதும், சாதிப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அவ்வுரிமை இல்லை என்பதும் நாவலில் விளக்கமாக உண்டு. ஆக, ஒரு வள்ளத்தின் குறுக்கே பணம் ஒரு பக்கமும் சாதி மறுபக்கமும் நிற்கின்றன.

இங்கே தகழியோடு எமக்கு ஒரு வழக்கு உண்டு. வள்ளம் வாங்கிய செம்பன்குஞ்சு, நேற்றுவரை தன்னோடு தண்டு வலித்தவர்களிடமே முதலாளியாக மாறும் பகுதியை அவ்வளவு கூர்மையாக எழுதியவர், இறுதியில் அனைத்தையும் கடலம்மையின் சீற்றத்திலும் பெண்ணின் கற்பிலும் கொண்டு போய்க் கட்டிவிடுகிறாரே! கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கம்தான் கடலிற் செல்பவன் உயிரைக் காக்கிறது என்னும் நம்பிக்கையை எழுதலாம். அது மக்களிடம் உள்ளதே. அந்நம்பிக்கையின் வழியிலேயே கதையின் விதியும் நடப்பதுதான் உறுத்துகிறது. எமது கூட்டத்து ஆசிரியை ஒருவர், “கடன் கொடுத்தவனும் கெட்டான், பெண்ணும் மாண்டாள், கடனுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை” என்று சொன்னதை அவர் இசைவுடன் இங்கு பதிகிறோம்.

இக்கதைகள் பழங்கதைகள் அல்ல. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் வந்தன. 2006இல் போர் இப்பகுதி மக்களை வெருகலுக்கு அப்பாலும் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்தியபோது அவற்றுட் பல கைவிட்டுப் போயின. மீண்டு வந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினர். இன்று படகு ஒருவர் பெயரில் இருக்கலாம். இயந்திரத்துக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்தவரிடமே மீனை அவர் சொல்லும் விலைக்கு விற்க வேண்டியிருப்பின், அப்படகு யாருடையது? இராசரத்தினத்தின் இளைஞன் தோணி கிடைத்தால் போதும் என்றிருந்தான். கிடைத்த பின்னும் அது கிடைக்காமலிருக்கும் விந்தையைச் செம்பன்குஞ்சுவின் கரையிலும் எமது கரையிலும் காண்கிறோம்.

மாதத்தின் மற்ற வாசிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’, 1895இல் சென்னையில் அச்சானது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது. துறைமுகத்தில் பிறந்தவர், தஞ்சை, மதுரை நாயக்கர் அரண்மனைகளைப் பற்றி எழுதினார். அவர் பணியாற்றியதும் சென்னையில், சுவடிகள் நூல்நிலையத்தில். வேலையும் அச்சுக்கூடமும் வாசகரும் அக்கரையில் இருக்க, எழுத்து மட்டும் இக்கரையில் தங்குமா? குற்றமாகச் சொல்லவில்லை. என்றாலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தோணியாவது வராதா என்று தேடிக்கொண்டே படித்தோம்.

கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயன் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலின் சில பகுதிகளையும் பார்த்தோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த அவனிடம் ஆரம்பத்தில் இருந்தவை இரண்டே சமய நூல்கள்; அவற்றை மனப்பாடமாகும் வரை படித்தான். பின்னர் ஒரு முதியவர் ஆங்கில விவிலியம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவர, கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுக்கவே அவன் ஆயத்தமாயிருந்தான். முடிவில் ஒரு பின்னல் தொப்பிக்கு அது கிடைத்தது. அவனது அரசியலோடு எமக்கு உடன்பாடில்லை. அந்தப் பசி மட்டும் எமக்குத் தெரிந்த பசி.

தெரிந்த பசி என்பதற்குக் காரணம் உண்டு. நாட்டில் பொருளாதாரம் சரிந்த 2022இல், தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. ரூபாய் வீழ்ந்ததோடு தமிழகத்திலிருந்து வரும் நூல்களின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எமது மாவட்டத்து எழுத்தாளர் நூல்களோ விலை கொடுத்தாலும் கடையில் அரிது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்கள் பலவற்றைத் திரட்டி வைத்திராவிடில், எமது வாசிப்பிற் பாதி நடந்திராது. கைத்தொலைபேசியின் சிறு திரையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டதும் உண்டு. ‘தோணி’யை அப்படித்தான் ஓர் இரவு மின்வெட்டில் கேட்டு முடித்தோம், கதைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இனித் தை மாதத்திற்கு. ந. பாலேஸ்வரியின் ‘சுடர்விளக்கு’ (1966) ஒன்று. திருகோணமலையிலிருந்து ஒரு பெண் நாவல் எழுத முன்வந்த காலத்தை அறிவதற்காக அதை எடுக்கிறோம். மற்றொன்று, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’. எம். எம். உவைஸ் இதனைக் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கினார். சிங்களவர் எழுதிய நாவலை ஒரு முஸ்லிம் அறிஞர் தமிழில் தருகிறார். மூவினத்தாரும் வாழும் எமது மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான நூல் வேறெது? அந்நாவலாசிரியர் பிறந்த கொக்கலைக்கும் எமக்கும் இன்னுமோர் உறவுண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் கொக்கலைக் களப்பிலிருந்து கிளம்பிய விமானமே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்தது. ஐந்து நாள் கழித்து அப்படையின் விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசின. ஏகாதிபத்தியங்களின் போருக்கு அத்தென்கரையும் இக்கீழ்க்கரையும் ஒருங்கே தளமாயின. இரு கரையாரும் ஒருவர் நாவலை ஒருவர் படிக்க மட்டும் இத்தனை தாமதம்!

மூன்றாவது, இராசரத்தினத்தின் ‘துறைக்காரன்’ (1959). தோணிக்காக ஏங்குபவனைக் கண்ட பின், துறைக்கு உரியவனைக் காணாமல் விடலாகாது. இதற்கு எம்மிடம் இருப்பது ஒரேயொரு நிழற்பிரதி. ஓரம் மங்கிய பக்கங்கள். யாருக்கு முதலில் கொடுப்பது என்று கூட்டத்தில் சிறு விவாதம் எழுந்தது. மாசி கழிந்து கடல் அடங்கியதும் தகப்பனோடு படகுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சாந்தியாகோவின் படகைப் பற்றிக் கேட்ட மாணவன் சொன்னான். முற்பணம் இவ்வாண்டு கூடியிருக்கிறதாம். பரீட்சையைப் பற்றி ஆசிரியர் இருவர் அவன் வீட்டில் பேசப் போகிறார்கள். பிரதி முதலில் அவனிடம் போகிறது.