ஹோம்புஷில் ஒரு கால்புண்ணும் ஒரு கைபேசியும்

சிட்னி ஹோம்புஷில் ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடி வீடு. அன்ரி ஜன்னலோரக் கதிரையில் அமர்ந்து, வலது காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், எழுபதைத் தாண்டியவர், நீண்டகால நீரிழிவு நோயாளி. பெருவிரலுக்குக் கீழே, பாதம் தரையில் ஊன்றும் இடத்தில், மாதக்கணக்கில் ஆறாத புண்.

அவருடைய கணவர், அங்கிள், கை கழுவி, பழைய கட்டைப் பிரித்து, சேலைன் விட்டுப் புண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் கைபேசியில் படம். கசிவு மூடிக் கிடந்தால் புண்ணின் ஓரம் சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலில் சிறு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். அதன் அளவு கைபேசியில் உள்ள புண் அளக்கும் செயலிக்குத் தெரியும்; அதை வைத்தே புண்ணின் பரப்பைக் கணக்கிடுகிறது.

"வெளிச்சம் காணாது. திரைச்சீலையை விலத்தி விடுங்கோ, பிள்ளை" என்றார். விலத்தினேன். திரையில் புண்ணைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. விலகியிருந்த இடத்தை அங்கிள் விரலால் இழுத்துச் சரிசெய்தார். புண்ணில் சிவப்பு என்றால், புதிதாக வளரும் சதை. மஞ்சள், நீக்க வேண்டிய படலம். கறுப்பு, செத்த திசு. கீழே கடந்த வாரங்களின் பரப்பு ஒரு வரைபடமாக வந்தது.

அந்த வரைபடம்தான் முக்கியம் என்பேன். நீரிழிவுக் கால்புண் நான்கு வாரத்தில் பாதியளவாவது சுருங்காவிட்டால், அதே சிகிச்சையில் அது ஆறும் வாய்ப்புக் குறைவு என்பது மருத்துவர்கள் கண்டறிந்தது. கண்மதிப்பில் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த நான்கு வாரத்தையும் தொலைத்துவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் ஆறாப் புண்களோடு வாழ்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

இதே ஊரில் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையின் பெயரில் 2020 பிப்ரவரியில் 'ஆர்பிஏ வர்ச்சுவல்' என்ற மெய்நிகர் மருத்துவமனை தொடங்கப்பட்டது. கோவிட் காலத்தில் சிட்னியின் பொதுச் சுகாதாரச் சேவை 'டிஷ்யூ அனலிட்டிக்ஸ்' என்ற செயலியைப் புண் பராமரிப்பில் பயன்படுத்திப் பார்த்தது. அது பற்றிய ஆய்வு 2022இல் வெளியானது.

"நோகேல்லை, பிள்ளை. அதுதான் பயமாக் கிடக்கு" என்றார் அன்ரி. சரியான பயம். நரம்பு மரத்த பாதம் எச்சரிக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் கண்டதும் இதையே: வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே சதையைப் புண்ணாக்குகிறது. நீரிழிவுப் பாதத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

படம் தாதிக்குப் போய்ச் சிறிது நேரத்தில் அவர் வீடியோவில் வந்தார். கூடவே தமிழ் மொழிபெயர்ப்பாளரின் குரல். படத்தைப் பற்றித் தாதி அதிகம் பேசவில்லை. படத்தில் இல்லாதவற்றையே கேட்டார். வாடை அடிக்கிறதா? புறங்கையை வைத்துப் பாருங்கள், மற்றக் காலைவிட இது சூடாக இருக்கிறதா? நம்முடைய கரிய தோலில் கிருமித்தொற்றின் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, வீக்கம், தோல் இறுகுவது, நிறம் இன்னும் கறுப்பது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தனியாக வாழும் முதியவர் தன் உள்ளங்காலைத் தானே படமெடுப்பது எப்படி என்ற கவலையும் எனக்கு உண்டு. இங்கே அங்கிள் இருக்கிறார்.

வரைபடக் கோடு இரண்டு வாரமாக இறங்கவில்லை. "வீட்டுக்குள் எதைப் போட்டு நடக்கிறீர்கள்?" என்று தாதி கேட்டார். அங்கிள் கட்டிலடியிலிருந்து ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்துக் கேமரா முன் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே அது தேய்ந்து குழி விழுந்திருந்தது.

"இதைப் போட வேண்டாம்" என்றார் தாதி. பாத மருத்துவரிடம் நேரில் காட்டும்படி சொல்லி, அந்த வாரத்துக்குள்ளேயே நாள் குறித்தார். செருப்பையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்.