நெருப்புப் பெட்டி கற்ற பாடம்

விளையாட்டின் வழியே பிள்ளைகளுக்குக் கணிதம் புகட்டச் செயற்கை நுண்மதியைத் துணைகொள்ளலாம் என்பர். பிள்ளை தவறினால் வினாவை எளிதாக்கியும், வென்றால் கடினமாக்கியும் அது நடந்துகொள்கின்றது. பயனில்லாமலில்லை. எனினும், தன்னை ஒரு பொறி அளந்துகொண்டிருப்பதைப் பிள்ளை அறிவதில்லை என்பதே என் மனக்குறை.

பிரித்தானிய அறிஞர் டொனால்ட் மிச்சி 1961 இல், ஏறத்தாழ 300 நெருப்புப் பெட்டிகளையும் வண்ண மணிகளையும் கொண்டு, புள்ளடியும் வட்டமும் இடும் விளையாட்டைத் தானே கற்கும் பொறியொன்றை அமைத்தார். மறு ஆண்டே அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் காட்னர், 24 பெட்டிகளே போதுமான சிறு விளையாட்டொன்றை வகுத்தார். ஒன்பது கட்டங்கள், பக்கத்துக்கு மூன்று காலாட்கள். எதிர்வரிசையை எட்டினாலோ, எதிரியை நகரவொட்டாது தடுத்தாலோ வெற்றி.

அதனைச் சென்ற விடுமுறையில் என் தமக்கை மகளோடு செய்துபார்த்தேன். பலகையின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. இயலும் நகர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற மணி. கண்ணை மூடி எடுக்கும் மணி சொல்வதே பெட்டியின் ஆட்டம். அது தோற்றால் இறுதியாக எடுத்த மணியைப் பறித்துவிட வேண்டும். தண்டனை அவ்வளவே. தொடக்கத்தில் அவள் எளிதாக வென்றாள். மணிகள் குறையக் குறைய வெற்றி அரிதாகி, பின் அறவே நின்றது. (பிழையின்றி ஆடினால் இரண்டாவதாக ஆடுபவரே வெல்லும் விளையாட்டு அது; இரண்டாவதாக ஆடியது பெட்டி.)

“நான் வெண்டு வெண்டுதானே மாமா இதுக்குப் படிப்பிச்சனான்” என்றாள்.

பறித்த மணியொன்றை எனக்குத் தெரியாமல் மீண்டும் பெட்டியிலிட்டு, அதற்குப் பிழையையும் கற்பித்தாள். சில நாட் கழித்துக் கைத்தொலைபேசி விளையாட்டில் அடுத்த வினா திடீரென எளிதாயிற்று. “நான் பிழை விட்டதை இது எண்ணி வைச்சிருக்குது” என்றாள்.